ஒரே கேஜில் மேலே வந்தவர்கள்

உலகத்து மனிதர்களையெல்லாம் தாளில் அடக்கிவிடலாம் என்று நம்பிய ஒரு வெள்ளைக்காரம்மாவுக்கு நான் எட்டு மாதம் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருந்தேன். தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்து மின்சாரக் கம்பி வருவதற்கு முந்தைய காலம். சுரங்கத்து இன்ஜினீயர் ஒருவரின் தங்கை அவர். அண்ணன் பங்களாவில் வந்து தங்கியிருந்தார். சுரங்கக் கூலிகள் குடியிருந்த லைன் வீட்டு ஜனங்கள் எல்லா வெள்ளைக்காரப் பெண்களையும் போல அவரையும் துரைசானி என்றே சொன்னார்கள். நாற்பதை நெருங்கிய வயது, மெலிந்த உடம்பு, கல்யாணம் ஆகவில்லை.

அவர் கொண்டுவந்த இரண்டு தகரப் பெட்டிகளில் கவுனும் தொப்பியும் இருக்கும் என்று பட்லர் நினைத்தானாம். திறந்தால் தாள்கள். ஒரு முழ நீளத்துக்கு அச்சடித்த கேள்விகள். அப்பாவின் அண்ணனை எப்படிக் கூப்பிடுவீர்கள், அம்மாவின் தம்பியை எப்படி, யாரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம், யார் செத்தால் எத்தனை நாள் தீட்டு. சமுத்திரத்து நடுவிலிருக்கும் தீவுகளிலிருந்தும், பனி மூடிய தேசங்களிலிருந்தும், ஆப்பிரிக்காவின் காடுகளிலிருந்தும் அதே கேள்விகளுக்கு யார் யாரோ பதில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனித சாதி எப்படிச் சேர்ந்து வாழப் பழகியது என்பது புரியும் என்றார் துரைசானி. பிள்ளை குட்டி இல்லாததால் பாவம் இப்படிப் பொழுது போக்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குப் பதினேழு வயது. வாய் நீளம், கோபம் அதைவிட நீளம்.

லைன்களுக்கு நடுவே இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே படித்தவள்தான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கற்றது, தெலுங்கு பக்கத்து வீடுகளில் வந்தது, கன்னடம் சந்தையில் ஒட்டிக்கொண்டது. ஆண் துபாஷியைக் கூட்டிக்கொண்டு போனால் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று துரைசானிக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. தலைமை ஆசிரியையிடம் கேட்டார், அவர் என்னை அனுப்பிவைத்தார்.

முதல் வாரம் எந்தக் கதவும் திறக்கவில்லை. பிளேக் வந்தபோது காகிதமும் கையுமாக வந்தவர்கள் தட்டி வீடுகளைப் பிரித்துப்போட்டதை யாரும் மறக்கவில்லை. "இன்னாத்துக்குடி எங்க மாமன் மச்சானையெல்லாம் கேக்கறாங்க? கோலாருக்கு இட்டுகினு போயி கேஸு போடவா?" என்று ஒருத்தி என்னை மடக்கினாள். நான் சத்தியம் செய்தேன். பிறகு பேச ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தபின் நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூலியில்லாமல் ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் எந்தப் பெண் விடுவாள்? துரைசானியின் கை வலித்துப்போய் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது.

இப்படி வீடு வீடாகப் போனவர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. கீழே பாறை வெடித்துச் சரிந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் உயிரோடு ஒரே கேஜில் மேலே வந்துவிட்டால் அவர்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். ஷாப்டு என்கிற சுரங்கக் குழியின் வாயில் அவர்களுக்குச் சேர்த்து மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஒரே தட்டில் சோறு போடுவார்கள். அன்றிலிருந்து அவர்கள் கேஜ் பங்காளிகள். ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் வீட்டில் தீட்டு. ஒருவர் பிள்ளைகள் மற்றவர் பிள்ளைகளுக்கு அண்ணன் தங்கை. பிழைப்புக்காகச் சொந்த பந்தத்தை விட்டு வந்த ஜனங்கள், வந்த இடத்தில் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். எனக்கு அதில் இப்போதும் பெருமைதான்.

என் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் ஆரணிப் பக்கம். சாதி ஒன்றுதான், ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் எந்த உறவும் கிடையாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது இருவரும் லெவல் என்கிற சுரங்கத் தளம் ஒன்றில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பகலும் ஒரு இரவும் கும்மிருட்டு. அப்பா பயந்து அலறியிருக்கிறார். "தம்பி, அழாதடா. விளக்கு என் கையில தான் கீது. எண்ணெய் கொஞ்சமாத்தான் கீது, இப்ப ஏத்த வேணாம். ஆளு வர சத்தம் கேட்டா ஏத்திக் காட்டலாம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஆட்கள் வந்து வெளிச்சம் காட்டியபோதுதான் அப்பா பார்த்தார். அவர் கையில் விளக்கே இல்லை. அது முதல் சரிவிலேயே நசுங்கிப்போயிருந்தது. வெறும் கையை மூடி வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பிழைக்க வைத்துவிட்டார். இந்தக் கதையை அப்பா எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

அப்பாவுக்கு அவர் அண்ணன், எனக்குப் பெரியப்பா. அவர் மகன் என்னைவிட நான்கு வயது மூத்தவர், சுரங்கத்துப் பட்டறையில் உளி காய்ச்சித் தீட்டும் வேலை. அவர் எனக்கு அண்ணன் முறை. முறை அப்படி. மனசு அப்படியில்லை. எப்போது மாறியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பதினைந்து வயதிலிருந்து நான் அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை. "இந்தத் தட்டை அம்மா கொடுக்கச் சொன்னாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவேன். அவரும் என்னைத் தங்கச்சி என்பதை விட்டுவிட்டார். ஒரு நாள் என் மைக்கூடு கவிழாமல் இருக்க ஓர் இரும்பு வளையம் அடித்துக்கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் எங்கள் காதல். அதற்கே எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் துரைசானிக்குப் பதில் சொன்னது அம்மா. அத்தை, மாமா, சித்தப்பா என்று கடகடவென்று வந்தாள். நான் எழுதிக்கொண்டே போனேன். பக்கத்து வீட்டு வரிசை வந்தது.

"அவன் இவளுக்கு அண்ணன். எழுதிக்கோடி" என்றாள் அம்மா.

எழுதவில்லை. பேனா நின்றுவிட்டது. வாயால் சொல்வதை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது, அதைக் கையால் எழுத என்னால் முடியவில்லை. அதோடு எனக்கு ஒரு பைத்தியக்காரப் பயமும் இருந்தது. இந்தத் தாள் கப்பலேறிப் போய் எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் பூட்டப்படும், அங்கே எழுதியதைப் பிறகு யாராலும் மாற்ற முடியாது என்று நினைத்தேன். அம்மா என்ன சொன்னாள் என்று துரைசானி கேட்டார். மை தீர்ந்துபோய்விட்டது என்றேன். மைக்கூடு அந்த வளையத்துக்குள் நிறைந்து உட்கார்ந்திருந்தது. துரைசானி அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் பங்களாவில், அந்த வரியை விட்டுவிட்டுக் கேஜ் பங்காளி வழக்கத்தை மட்டும் அவருக்கு விளக்கினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒருவர் கையைக் கீறி மற்றவர் ரத்தத்தைத் தொட்டுச் சகோதரர் ஆகும் தேசங்கள் உண்டு, ஒரே தாயிடம் பால் குடித்ததால் சகோதரர் ஆகும் தேசங்கள் உண்டு, பூமியின் வாயிலிருந்து சேர்ந்து பிறந்தவர்களைப் பற்றி இதுவரை யாரும் எழுதி அனுப்பியதில்லை என்றார். "அவர்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளவே முடியாதா?" என்று கேட்டார். முடியாது என்றேன். "அருமை" என்று சொல்லி அதைக் குறித்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தூக்கத்தைத் தின்ற சங்கதி அவருக்கு அருமையாம். அன்று சாயங்காலம் வரை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். நாமும் நாளை இவர் வீட்டு உறவைக் கிளறிப் பார்த்தால் என்ன என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மழை. லைனுக்குப் போக முடியவில்லை. "அம்மா, எல்லார் வீட்டுத் தாளும் இருக்கிறது, உங்கள் வீட்டுத் தாள் இல்லையே. நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அப்பாவின் அண்ணனுக்கு என்ன சொல்வீர்கள் என்றேன். அங்கிள் என்றார். அப்பாவின் தம்பி? அங்கிள். அம்மாவின் அண்ணன், தம்பி? அங்கிள். அத்தை புருஷன்? அவரும் அங்கிள். எனக்கு உண்மையாகவே இரக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை நூறு முறை படித்திருக்கிறேன், ஆனால் ஒரு குடும்பத்தை வரிசையாக எழுதும்போதுதான் அதன் வறுமை தெரிந்தது. பெரியப்பாவையும் தாய்மாமனையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் யார் வீட்டில் பெண் கொடுப்பது, யார் வீட்டில் எடுப்பது? இவ்வளவு பெரிய ராஜ்ஜியத்தை ஆளுகிறவர்கள் வீட்டுக்குள் இப்படித் தடுமாறுகிறார்களே என்று நினைத்தேன். கறுவிக்கொண்டு வந்ததெல்லாம் கரைந்துபோயிற்று.

கூடப் பிறந்தவர்கள் வரிசை வந்தது. இன்ஜினீயர் அண்ணன் ஒருவர். ஓர் அக்கா. அக்கா இறந்துவிட்டார், இரண்டு பெண் குழந்தைகளை விட்டுவிட்டு. அக்கா புருஷன் இருக்கிறார். குழந்தைகளை யார் வளர்த்தது என்று கேட்டேன். நான்தான், அந்த வீட்டிலேயே மூன்று வருஷம் இருந்தேன் என்றார்.

"அப்புறம் ஏன் அவர் உங்களைக் கட்டிக்கொள்ளவில்லை?" என்று கேட்டுவிட்டேன்.

வேண்டுமென்று கேட்கவில்லை. எங்கள் லைனில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். சின்னக் குழந்தைகளை விட்டு அக்கா செத்தால் தங்கையைக் கட்டிவைப்பதை விட இயல்பான காரியம் எங்களுக்குக் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே பேச்சை எடுத்துவிடுவார்கள். துரைசானி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கள் நாட்டுச் சட்டத்தில் அவர் எனக்கு அண்ணன். மனைவி இறந்தாலும் அவள் தங்கை அவருக்கும் தங்கைதான். கல்யாணம் செய்துகொண்டாலும் செல்லாது" என்றார்.

கூரைத் தகரத்தில் மழை அடித்தது. அக்கம்பக்கத்தில் பேச்சு எழுந்ததால் அந்த வீட்டை விட்டு வந்ததையும், குழந்தைகள் ஜன்னலில் நின்று பார்த்ததையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த வரியில் என்ன எழுதுவது என்று நான் கேட்கவில்லை. ஒரு பெட்டி நிறைய உலகம் வைத்திருப்பவர், அத்தனை தேசத்துக்காரர்களிடமும் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஏன் கேட்டுக்கொண்டு திரிகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எங்கள் வீட்டுத் தாளில் நான் எழுதாமல் விட்ட வரியைப் பற்றிச் சொன்னேன்.

"மை தீரவில்லை என்று எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

அடுத்த சில நாள்கள் நாங்கள் புதிதாக எந்த வீட்டுக்கும் போகவில்லை. எழுதி வைத்த தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருவரும் தேடினோம். எதைத் தேடுகிறோம் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊரிகத்து லைனில் எழுதிய ஒரு தாளில் நானே அடித்துத் திருத்திய இடம் கண்ணில் பட்டது. பங்காளி என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே சம்பந்தி என்று எழுதியிருந்தேன். நினைவு வந்தது. அந்த வீட்டுக்காரர் பங்காளி என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, சம்பந்தி என்றார். வயசாளி தடுமாறுகிறார் என்று நான் மாற்றி எழுதிவிட்டேன்.

மறுபடியும் போனோம். முதலில் மழுப்பினார். கடைசியில் சொன்னார். கேஜ் பங்காளித்தனத்தை அவிழ்க்க ஒரு வழி உண்டாம். இருவரும் ஒரே ஷிப்டில் வேறு வேறு கேஜில் இறங்க வேண்டும், வேறு வேறு கேஜில் ஏற வேண்டும். மேலே வந்ததும் ஷாப்டு வாயில் நாலு பேர் முன்னால் ஒருவரைப் பார்த்து ஒருவர் "நீங்க யாரு? எந்த ஊரு?" என்று கேட்க வேண்டும். ஊரையும் பேரையும் சொல்ல வேண்டும். அத்தோடு அறுந்தது. பிறகு சம்பந்தம் பேசலாம். ஆனால் அதற்கப்புறம் சாகும்வரை வாங்க போங்கதான். அண்ணன், தம்பி என்ற வார்த்தை வாயில் வந்து யார் காதிலாவது விழுந்தால், கட்டிக்கொடுத்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். வீட்டோடு தள்ளிவைப்பார்கள்.

"அதச் செஞ்ச நாள்லேர்ந்து இவரு ஒழுங்கா சாப்புடறதே இல்ல. அதையும் எழுதிக்கோம்மா" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னாள்.

அதையும் எழுதிக்கொண்டேன். வழி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அந்த வரியின் பொருள் அன்று எனக்கு எட்டவில்லை. பதினேழு வயதில் பொருள் எட்டுமா?

அம்மாவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "படிக்க வெச்சேன் பாரு, என்ன சொல்லணும்" என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். ஆனால் ராத்திரிக்குள் அப்பா காதில் போட்டுவிட்டாள். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே, "அவனுக்கும் இதே மனசா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வெளியே போய், தோளில் கை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். வாசலில் நின்ற என்னைப் பெரியப்பா பார்த்தார். "இன்னாத்துக்குடா இப்படி மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீறே" என்று அப்பாவை அதட்டினார். "புள்ளைங்களுக்காகத்தானேடா அன்னிக்கு மேல வந்தோம்."

அப்பாவின் கை பெரியப்பாவின் தோளிலேயே இருந்தது.

குறித்த நாளில் காலை ஷிப்டுக்கு இருவரும் வேறு வேறு கேஜில் இறங்கினார்கள். அத்தனை வருஷத்தில் அவர்கள் தனித்தனியாக இறங்கியதை நான் பார்த்ததில்லை. சங்கு ஊதியபிறகு நானும் அம்மாவும் ஷாப்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றோம். துரைசானியும் வந்தார். குறிப்புப் புத்தகம் கையில் இல்லை. மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, வேண்டாமென்று வைத்துவிட்டு வந்தேன் என்றார்.

முதல் கேஜில் பெரியப்பா வந்தார். இரண்டாவதில் அப்பா. லைன் ஆட்கள் சுற்றி நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. பெரியப்பா தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க யாருங்க? எந்த ஊரு?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. உடம்பெல்லாம் கல்தூசி, கண் மட்டும் சிவந்திருந்தது. சுற்றியிருந்தவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. பெரியப்பா மறுபடியும், இன்னும் மெல்ல, "சொல்லுங்க, எந்த ஊரு?" என்று கேட்டார்.

"குடியாத்தம் பக்கம்ங்க" என்றார் அப்பா. பேரைச் சொன்னார். பிறகு தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். ஆரணிப் பக்கம் என்று பதில் வந்தது. இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வரும் ஒரே வழியில் ஒருவர் முன்னாலும் ஒருவர் பத்தடி பின்னாலுமாக நடந்து வந்தார்கள். நான் செய்த காரியம் என்னவென்று அந்தப் பத்தடியைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. துரைசானி அதற்கு முன்பே பங்காருபேட்டையில் ரயிலேறிவிட்டார். போகும்போது எங்கள் வீட்டுத் தாளை என்னிடம் கொடுத்து, விட்ட வரியை நிரப்பச் சொன்னார். நிரப்பிக் கொடுத்தேன். சில வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் நாட்டில் அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அவர் வாழ்க்கை மாறியதா என்று எழுதவில்லை. பதில் எழுதினேன், அதைக் கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

எனக்குப் பெரியப்பா மாமா ஆனார், பெரியம்மா அத்தை ஆனார். எனக்கு நாக்கு சீக்கிரம் திரும்பிவிட்டது. என் அம்மாவுக்கு அதைவிடச் சீக்கிரம். அதுவரை புருஷனின் அண்ணன் என்று அவர் முன்னால் நிற்கவே மாட்டாள். சம்பந்தி ஆனதும் முறைப்படி அவர் அவளுக்கு அண்ணன். "அண்ணா, காபி குடிங்க அண்ணா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். அப்பா இழந்த வார்த்தையை அம்மா எடுத்துக்கொண்டாள். அவள் கூப்பிடும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

பண்டிகைக்குப் பண்டிகை அப்பா வெற்றிலை பாக்குத் தட்டோடு மாமா வீட்டுக்கு வருவார். பக்கத்து வீட்டிலிருந்துதான். பாயின் நுனியில் உட்காருவார். "சௌக்கியங்களா?" "இருக்கறேங்க." "மழை எப்படிங்க?" "பரவால்லீங்க." இருவரும் ஒரே லெவலில், ஒரே இருட்டில் வேலை செய்துவிட்டு வந்து இப்படிப் பேசிக்கொண்டார்கள். மாமா என் குழந்தையைத் தூக்கி அப்பா மடியில் வைப்பார். குழந்தையைத் தொடுகிற சாக்கில் இருவர் கையும் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்ச நேரம் இருக்கும். என் வீட்டுக்காரர் நல்லவர், எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இரண்டு கைகளைப் பார்க்கும்போது மட்டும் நெஞ்சு வலிக்கும்.

மாமாவுக்கு மார்பில் கல்தூசி இறங்கி இருமல் முற்றிவிட்டது. பேத்தமங்கலத்துத் தண்ணீர் எங்கள் லைன் குழாய்க்கு வர ஆரம்பித்த சமயம் அது. படுத்த படுக்கையானார். அப்பா தினமும் ஷிப்டு முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்காருவார். "கொஞ்சம் கஞ்சி குடிங்க சம்பந்தி" என்பார். ஒரு பிற்பகல், லைன் பெண்கள் ஐந்தாறு பேர் பார்க்க வந்து வீடு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மாமாவுக்கு நினைவு தப்பிக் கொண்டிருந்தது. திடீரென்று கையை நீட்டித் துழாவினார்.

"டேய் தம்பி" என்றார். "இருட்டா கீதுடா. விளக்கு எங்கடா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நினைவில்லாதவர் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நினைவோடு இருக்கிறவர் என்ன சொல்லப்போகிறார் என்றுதான் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். என் மடியில் குழந்தை இருந்தது. என்னிடம் கேட்காமல் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன். "குழாயில தண்ணி வுட்டுட்டாங்க, கொடத்த எடுங்க" என்று கத்தினேன். தண்ணீர் என்ற சொல்லுக்கு எங்கள் லைனில் எவளும் உட்கார்ந்திருக்க மாட்டாள். எல்லாரும் எழுந்து ஓடினார்கள். அத்தையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைசியாக நான் வெளியே வந்து, தட்டிக் கதவைச் சாத்தினேன்.

சாத்தும்போது உள்ளே அப்பாவின் குரல் கேட்டது.

"அழாத அண்ணா. விளக்கு என் கையில தான் கீது. இப்ப ஏத்த வேணாம், ஆளு வரட்டும்."

குழாயடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறுங்குடத்தோடு நின்ற பெண்கள் என்னைப் பிடித்துக் கண்டபடி திட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.